சாக்கடைப் புத்தகத்துக்கு மூன்று முத்திரை

டிசம்பர் 2

நூலகத்தில் புது அறிவிப்பு. இந்த ஆண்டு படித்ததில் பிடித்த ஐந்து நூல்களை எழுதி வாசல் பலகையில் ஒட்டலாமாம். கடைக்கு வந்து லென்ஸ் பொருத்த உட்கார்ந்தும் அதே நினைப்பு. ஒரு கண்ணாடியில் வலது லென்ஸை இடது பக்கம் மாட்டி, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 3

எழுதிவிட்டேன். எறும்புகளைப் பற்றியது. சிறையில் வேலை பார்த்த டாக்டரின் தன்வரலாறு. கடிகாரம் செய்தவர்களின் கதை. காது கேளாத தச்சர் தன்னைப் பற்றி எழுதியது. நிலநடுக்கப் புத்தகத்தைச் சேர்க்கவில்லை. பாதியில் கொட்டாவி வந்தது, பொய் எதற்கு? முதல் இடம் நகரங்களின் சாக்கடை வரலாற்றுக்கு. தலையணை கனம். வருஷம் முழுக்க என்னிடம்தான் இருந்தது.

இவர் எட்டிப் பார்த்து, "நாலு பேர் பார்க்கிற இடத்துல போய்ச் சாக்கடைய முதல்ல எழுதுவியா?" என்றார். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரே ஒரு நாவலையாவது சேர்த்துக்குங்க அண்ணி, மானம் போகுது என்கிறாள். வாரம் இரண்டு நாவல் முடிப்பவள் அவள்.

சேர்க்க மாட்டேன். நாலு பேர் பார்க்கத்தானே பலகை? குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கிறோம் என்றால் யாரோ மண்ணைத் தோண்டிக் கழிவுக்குத் தனி வழி போட்டதால்தான். இதைச் சொன்னால், சாப்பிடும்போது பேசாதே என்கிறார் இவர்.

டிசம்பர் 4

ஒட்டினேன். நட்டநடுவில்.

டிசம்பர் 11

என் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். இடம் போதாததால் கழிக்கப்படும் நூல்கள், நாற்பத்தொன்று. பதினேழாவது, என் சாக்கடைப் புத்தகம்.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். கோபமா பயமா தெரியவில்லை.

டிசம்பர் 12

கடைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு நூலகத்துக்குப் போனேன். புது நூலகர் குரலை உயர்த்தாத மனிதர். சண்டை போடவும் தோதில்லை. ஆண்டில் மூன்று இரவல் முத்திரைகூட விழாத புத்தகத்தை எடுத்துவிட வேண்டும், மேலிடத்து விதி என்றார். இதில் ஜனவரியில் விழுந்த ஒன்றுதான் இருக்கிறதாம்.

அப்புறம்தான் உறைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான் கார்டை மட்டும் எடுத்துப்போய்த் தவணையை நீட்டித்துக்கொண்டிருந்தேன். கனமான புத்தகத்தை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைவது என்று. நீட்டிப்பு கார்டில் ஏறும். முத்திரை புத்தகத்தில்தான் விழும். எவள் அதிகம் படித்தாளோ அவளே அதைக் கொன்றிருக்கிறாள். முட்டாள், முட்டாள்!

இப்போதே திருப்பிவிட்டு இரண்டு தடவை எடுக்கிறேன் என்றேன். "ஒரே ஆள் எடுத்தா சேராதும்மா. வேற ரெண்டு உறுப்பினர் எடுக்கணும். முப்பத்தொண்ணு வரைக்கும் நேரம் இருக்கு."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கை வெறுமையாக வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 13

விடேன், ஒரு புத்தகம்தானே என்கிறார் இவர். விட மாட்டேன். எனக்கென்று நான் பிடிவாதம் பிடித்தது இந்த வீட்டில் எத்தனை? ஒண்ணு சொல்லட்டும் பார்க்கலாம்.

டிசம்பர் 16

கடையில் கண் பரிசோதிப்பவரும் உறுப்பினர்தான். கேட்டேன். முத்திரைதானே, எடுத்து மேசையில் போட்டுவைக்கிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. "சும்மா போட்டுவைக்க வேணாம் சார். படிக்கிறதா இருந்தா எடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

பிச்சை கேட்கப் போன இடத்தில் இந்த வீறாப்பு தேவையா? வாய், வாய். ஆனால் வாபஸ் வாங்க மனமில்லை.

டிசம்பர் 17

எடுத்துவிட்டார். இரண்டு.

டிசம்பர் 26

ஒரு அத்தியாயம் படித்தேன், மோசமில்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார். வேறு எந்த உறுப்பினரும் எனக்குப் பழக்கமில்லை. நாத்தனார்தான் மிச்சம். கேட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். என் கார்டுல சாக்கடையா, நூலகத்துல என்ன நினைப்பாங்க என்றாள்.

பொங்கிவிட்டது. "பதினாறு வருஷமா உன் கதாநாயகி எல்லாரும் அழுததை உட்கார்ந்து கேட்டிருக்கேன்டி. ஒருத்தியையாவது நான் கேலி பண்ணியிருக்கேனா?"

அவள் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் சமாதானம் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே துணிக்கொடியில் பேசாமல் துணி உலர்த்தினோம்.

டிசம்பர் 29

மத்தியானம் நாத்தனார் வெளியே போய் வந்தாள். பையில் தலையணை கனத்துக்கு ஏதோ. கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

டிசம்பர் 31

பதினேழாவது வரியைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறார்கள். மற்ற நாற்பதையும் கட்டுக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். கடைசிக் கட்டு ஏறும்வரை நின்று பார்த்தேன். சந்தோஷப்பட முடியவில்லை.

ஜனவரி 9

நாத்தனார் சமையலறையில் நின்றபடி படிக்கிறாள். பால் பொங்கி வழிந்தது. திட்டவில்லை.

ஜனவரி 20

மழைநீர் வடிகால் பகுதியை மறுபடி படிக்க வேண்டும் போலிருந்தது. நாத்தனாரிடம் கேட்டால், நான் இன்னும் முடிக்கலை, நூலகத்துல பேர் எழுதிவைங்க அண்ணி என்கிறாள். என்னிடமே!

போனேன். நூலகர் முன்பதிவு ஏட்டைத் திருப்பிக் காட்டினார். முதலில் கண் பரிசோதிப்பவர். அடுத்தது யாரோ ஒரு பெண். பலகையில் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம். அவர்களுக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

மார்ச் ஆகிவிடும் என்றார் நூலகர். ஆகட்டும் என்றேன்.