சஹனுக்குப் பக்கத்தில் ஹம்னாவின் தட்டு

சண்டைக்கும் சமாதானத்துக்கும் எனக்கென்று இருந்த என் ராத்தாவுக்கு,

அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கட்டும். நேற்று நிந்தவூரில் உங்கள் வீட்டில் நீங்கள் போன நாற்பதாம் நாளுக்குக் குர்ஆன் ஓதிக் கத்தம் கொடுத்தோம். உங்கள் பேரில் ஆக்கின சோற்றில் நான் சண்டை பிடித்துவிட்டேன். வெட்கப்படவும் இல்லை.

என் மகள் ஹம்னாவின் சாப்பாடு உங்களுக்குத் தெரியும்தானே. வெள்ளைச் சோறு, அவித்த முட்டையின் வெள்ளை, பொரித்த உருளைக்கிழங்கு. இந்த மூன்றும்தான், அதுவும் ஒன்றோடு ஒன்று முட்டாமல். அவளுக்கு ஓட்டிசம் என்று தெரிந்த நாளில், "கறி மணம் அவளுக்குக் காதுக்குள்ள லவுட்ஸ்பீக்கர் வெச்ச மாதிரி இரிக்கும் போல" என்று சொன்னது நீங்கள் மட்டும்தான்.

இரும்புச்சத்து குறைவென்று கல்முனை டொக்டர் மருந்து தந்திருக்கிறார். "வற்புறுத்தாதீங்க, புதுசா ஒண்டைப் பக்கத்தில வையுங்க, தொட்டாத் தொடட்டும்" என்றார். அப்படித்தான் செய்கிறேன்.

நேற்றும் பெண்கள் ஆறு பேர் சுற்றியிருந்த பெரிய சஹன் தாலத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அறை பிரித்த தட்டை வைத்தேன். நம் வாப்பாவின் தங்கச்சி, மாமிக்குப் பொறுக்கவில்லை. "எல்லாரும் ஒரு சஹன்ல கைவெச்சுத் திண்டாத்தான் பறக்கத்து, அல்லாஹ்ட அருள். இதென்ன தனிக்குடித்தனம்? ரெண்டு நாள் பட்டினி போடு, கல்லையும் திம்பாள்!"

நான் கைகழுவப் போன நேரம், மாமி மாட்டிறைச்சியைப் பிய்த்து ஹம்னாவின் சோற்றுக்குள் ஒளித்து வைத்துவிட்டார். ஒரு பிடிதான் வாயில் வைத்தாள். துப்பினாள். காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள், தட்டு கவிழ்ந்தது.

"புள்ளைய உள்ளுக்குக் கொண்டு போ, ஆக்கள் பார்க்கிறாங்க" என்றார்கள் சஹனைச் சுற்றியிருந்த பெண்கள்.

"போக மாட்டன். இது என்ட ராத்தாட கத்தம். என்ட புள்ளைக்கும் இதில இடம் இரிக்கி. மாமி, நீங்க அவள்ட சோத்துக்கே வேட்டு வெச்சிட்டீங்க!"

"நான் நல்லதுக்குத்தானே செஞ்சன்" என்று மாமி அழுதார்.

"ஓம், எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்யிறீங்க. பட்டினி கிடக்கிறது என்ட புள்ள!"

தட்டைக் கழுவி, கிழங்கையும் முட்டையையும் போட்டு, அதே இடத்தில் வைத்தேன். வெகுநேரம் கழித்து வந்து, நின்றபடியே இரண்டு கிழங்குத் துண்டு தின்றாள்.

இன்று காலை வெறும் சோற்றை வைத்தேன். விரலால் கிளறிப் பார்த்தாள், தள்ளிவிட்டாள். பகலும் அப்படியே. இருந்த மூன்றில் ஒன்று போய்விட்டது, ராத்தா. குசினியில் நின்று அழுதேன். நீங்கள் இருந்திருந்தால் மாமியின் கையைப் பிடித்துத் தடுத்திருப்பீர்களா? இல்லை, என் வாயைப் பொத்தியிருப்பீர்களா?

பெருநாளைக்கும் அவள் தட்டு சஹனுக்குப் பக்கத்தில்தான். மூஞ்சியைச் சுழிக்கிறவர்கள் சுழிக்கட்டும். இனி ஒருவரையும் அதில் கைவைக்க விடமாட்டேன், வல்லாஹி, அல்லாஹ் மேல் சத்தியம். அவள் கண்முன்னே பானையிலிருந்து அள்ளி, வெறும் சோறு மட்டும் வைப்பேன். தள்ளினால் எடுத்துவிடுவேன். மறுநாளும் வைப்பேன்.

நீங்கள் போன பிறகும் வாய் அடங்காத,
உங்கள் தங்கச்சி