அண்ணன் கொண்டுவந்த கோடிச் சேலை

ஆடி 12, செவ்வாய்

என் கணவர் உயிரோடுதான் இருக்கிறார். இதையும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

ஆடித் தள்ளுபடிக்காக எங்கள் துணிக்கடைக்கு அவர் ஒரு போஸ்டர் அடித்திருந்தார். மேலே பெரிதாகக் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் மாலை போட்ட அவர் படம். அடியில் பொடி எழுத்தில், 'பழைய விலை காலமானது'. அறந்தாங்கியிலிருந்து ஆலங்குடி வரை ஒட்டியாகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆலங்குடியில் என் அண்ணன் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். எனக்குப் போன் அடித்தாராம். கடையில் கூட்டம், நான் எடுக்கவில்லை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீடு போடும் கோடிச் சேலையை வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து, அழுதபடியே கடை வாசலுக்கு வந்து நின்றார்.

கல்லாவிலிருந்து இவர் எழுந்து, "வாங்க மச்சான்" என்றார்.

அண்ணன் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். வாயில் துண்டை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இவர் பையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கோடிய நம்ம கடையிலயே எடுத்திருக்கலாம்ல மச்சான்? தள்ளுபடி போட்டிருப்பேனே."

துணி எடுக்க வந்தவர்களும் சிரித்தார்கள்.

"அந்தப் போஸ்டரக் கிழிக்கச் சொல்லுங்க" என்றேன்.

"ஆடி முடியட்டும். கூட்டத்தப் பாத்தேல்ல?"

அண்ணன் எழுந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எப்போது கிளம்பினாலும் "வாரேன் ஆத்தா" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போகிறவர். இன்று, சாவு வீட்டிலிருந்து போவதைப் போல, சொல்லாமலே போய்விட்டார்.