ஒருசந்தியும் மாத்திரையும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மகன் ஜேசுராஜுக்கு, உன் தாய் விண்ணரசி ஆண்டவரின் ஆசீரை வேண்டி வரையும் மடல். பிலாய் இரும்பாலையிலிருந்து நீ அனுப்பிய கடிதமும், அதன்பின் உன் மனைவி அருள்செல்வி தனியாக எழுதிய கடிதமும் முறையாக வந்து சேர்ந்தன. உரிய காலத்தில் மறுமொழி அனுப்பாமல் ஈஸ்டர் கழிந்தும் தாழ்த்திவிட்டேன், அதற்கு முதற்கண் பொறுத்துக்கொள்ளக் கேட்கிறேன். நீங்கள் இருவரும் நலமாயிருக்க வேண்டும். இவ்விடத்து நலத்தைப் பற்றி வழக்கமாக எழுதும் வாக்கியத்தை இம்முறை எழுத இயலவில்லை. உன் அப்பா உயிரோடு இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீ பார்த்துவிட்டுப் போன அப்பாவாக இல்லை. தந்தி கொடுக்க உன் சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், நான்தான் வேண்டாம் என்றேன். சோற்றை விட்டு மெலிந்து கிடக்கும் நீ, அந்தச் சேதியையும் சுமந்துகொண்டு வெறும் வயிற்றோடு ரயிலில் வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதும் தஞ்சாவூர் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்ததும் நீ அறிவாய். உடம்பும் குறைய வேண்டும் என்று அவர் சொன்னார். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், சோற்றை மட்டும் பாதியாக்கி அந்த இடத்தில் காயும் கீரையும் வைத்துக்கொள்ள வேண்டும், மெல்ல மெல்லத்தான் இறங்கும் என்றார். நானும் அப்படியே பரிமாறினேன். அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, என்ன இது, ஜெயில்ல போடுற மாதிரி அளந்து போடுற, சொந்த நெல்லு விளையிற வீட்டுல எனக்கு ரேஷனா என்றார். ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். சில வாரங்களில் வேட்டி முடிச்சு சற்றுத் தளர்ந்ததை அவரே எனக்குக் காட்டினார். அந்த முறையிலேயே இருந்திருந்தால் நான் இன்று இக்கடிதத்தை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் தாளடி நெல் அறுவடை வந்தது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பிறகு பெரிய மிராசுதார்கள் ஒரு பக்கம், சிவப்புக் கொடிக்காரர்கள் மறுபக்கம், நம்மைப் போல் சொற்ப நிலம் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் நடுவில் என்று ஆகிவிட்டது இந்தப் பக்கம். கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டித் தந்தால்தான் வயலில் இறங்குவோம் என்று கலியபெருமாள் தலைமையில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடக்க, வரப்பில் காவலர்கள் நடந்தார்கள். ஒருநாள் அப்பா வயலைப் பார்க்கப் போனபோது, வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்த பெண்களில் ராமாயி, ஐயா சோத்தைக் குறைச்சிட்டீங்களாமே என்று கேட்டிருக்கிறாள். டாக்டர் சொல்லியிருக்கார் என்று இவர் சொல்ல, அவள் மற்றவர்களைப் பார்த்து, கேட்டுக்கங்கடி, நமக்குச் சோறு இல்லேன்னு பட்டினி, ஐயாவுக்குச் சோறு கூடிப்போச்சுன்னு பட்டினி, ரெண்டு வயிறும் ஒண்ணாத்தான் கத்துது என்றாளாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவள் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு அது உள்ளே போய்த் தைத்துவிட்டது. அன்று வந்து தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

அந்த வாரமே உன் கடிதம் வந்தது. சோற்றை அடியோடு விட்டுவிட்டதாகவும், இரண்டு சப்பாத்தியும் பச்சைக் காயும் மட்டுமே உண்பதாகவும், உடம்பு மளமளவென்று இறங்குவதாகவும் எழுதியிருந்தாய். நான் வாசிக்க அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். எம் மவனே விட்டுட்டான், நான் விடமாட்டேனா என்றார். உன்மேல் பழி சுமத்த இதை எழுதவில்லை, மகனே. அவர் முடிவு அவருடையது. விபூதிப் புதன் பிறந்ததும் தவக்காலம் முழுவதும் ஒருசந்தி இருக்கப் போவதாகக் கோயிலில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பகலில் ஒரே வேளை உண்டு மற்ற வேளைகளில் வயிற்றைக் காயப்போட்டால் உடம்பும் குறையும், எவரும் ஏளனம் செய்யவும் முடியாது என்பது அவர் கணக்கு. நோயாளிக்கு ஒருசந்தி கடன் இல்லை என்று பங்குச் சாமியாரே சொன்னார். அப்பா கேட்கவில்லை. சோற்றை நிறுத்தியவர் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. காலையில் வழக்கம்போல விழுங்கிவிட்டு, வெறும் தண்ணீரோடு வெளியே கிளம்பிவிடுவார். மருந்தை விட்டால்தான் தவறு என்று எண்ணினார். சோற்றுக்காகத்தான் அந்த மருந்து, சோறு போகாத வயிற்றில் அது இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையும் உறிஞ்சிவிடும் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

ஒரத்தநாட்டில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை வைத்தார்கள். நடுப்பகலுக்குள் முடியும் என்று சொன்னது வெயில் சாயும்வரை இழுத்ததில், அப்பாவின் அந்த ஒரு வேளைச் சோறும் தவறிப்போனது. அப்பாவுக்கு முகமெல்லாம் வியர்த்து, கை நடுங்கியிருக்கிறது. கோபத்தில் நடுங்குகிறார் என்று ஆட்கள் நினைத்தார்கள், பயத்தில் நடுங்குகிறார் என்று மிராசுதார்கள் நினைத்தார்கள். பசியென்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கலியபெருமாள் மட்டும், ஐயா, ஒரு டீயைக் குடிச்சிட்டு வாங்க, சண்டை எங்கயும் ஓடிப்போயிடாது என்று தன் டீயை நீட்டியிருக்கிறார். இத்தனை பேர் முன்னால் ஒருசந்தியை முறிப்பதா என்று அப்பா அதைத் தொடவில்லை. பிறகு சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினாராம். அரை மரக்கால்தானே, நான் தர்றேன், எழுதிக்குங்க என்றார். அடுத்த நொடியே, யாருடா நீங்கல்லாம், எங்க வீட்டுல எதுக்கு உக்காந்திருக்கீங்க என்று அதட்டினார். அப்படியே பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தார். எதிர்த்தரப்பு ஆட்கள்தான் தூக்கினார்கள். தஞ்சாவூர் மருத்துவமனையில் ஊசி வழியாகச் சர்க்கரை ஏற்றினார்கள். கண் விழித்தார். ஆனால் மூளைக்கு வெகுநேரம் சர்க்கரை இல்லாமல் போனதால் கெட்ட இடம் கெட்டதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மயக்கத்தில் சொன்னாலும் உன் அப்பா சபையில் சொன்ன சொல் என்று, அரை மரக்கால் கூட்டி அளந்தே நம் வயலை அறுத்து முடித்தேன். மிராசுதார் வீட்டார் இப்போது நம் வாசல் பக்கம் வருவதில்லை. அது போகட்டும். அப்பா என்னைச் சில நேரம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சில நேரம் நீங்க யாரும்மா என்று மரியாதையாகக் கேட்கிறார். சாப்பிட்டுக் கை கழுவியதும், இன்னும் சோறு போடலியா என்கிறார். இப்பதானே சாப்பிட்டீங்க என்றால், நம்பாமல் என் முகத்தையே பார்க்கிறார். ஊரில் எல்லாரிடமும் கேட்கிறார். கீரை கொண்டுவந்த ராமாயியிடமும், எனக்கு இங்க சோறு போட மாட்டேங்கிறாங்க என்று சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள்.

இனி உன் காரியத்துக்கு வருகிறேன், இதற்காகவே இத்தனையும் எழுதினேன். அருள்செல்வி தன் கடிதத்தில், அத்தை, டூட்டி முடிச்சு வந்தா அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துடுறாங்க, கை நடுங்குது, கேட்டா உடம்பு குறையுதுல்லன்னு சிரிக்கிறாங்க என்று எழுதியிருக்கிறாள். உனக்கும் சர்க்கரை தொடங்கி, ஆலை மருத்துவர் மாத்திரை கொடுத்திருப்பதையும் அவள்தான் எழுதினாள், நீ எழுதவில்லை. படித்ததும் தஞ்சாவூர் மருத்துவரிடமே போய், உடம்பைக் குறைப்பதே பிழையா என்று கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், தமிழில் சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். குறைக்கணும்மா, கட்டாயம் குறைக்கணும், ஆனா இன்னிக்குச் சாப்பிடுற மாதிரியே அடுத்த வருஷமும் சாப்பிட முடியுமான்னு உங்க பையனைக் கேட்டுக்கச் சொல்லுங்க, முடியும்னா அது முறை, முடியாதுன்னா அது வெறும் விரதம், விரதம் முடிஞ்சதும் உடம்பு பழையபடி ஏறிடும் என்றார். நினைத்துப் பார். சென்ற கிறிஸ்துமஸுக்கு வரும் முன்பும் இப்படித்தான் எதையோ நிறுத்தியிருந்தாய். இங்கே வந்து வாழையிலை முன் உட்கார்ந்ததும் எத்தனை முறை சோறு கேட்டாய் என்பது பரிமாறிய எனக்குத் தெரியும். திரும்பிப் போகும்போது கொண்டுவந்த கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை.

ஆகையால் சோற்றைப் பகைக்காதே. ஒரு கரண்டியோடு நிறுத்து, பொரியலையும் கீரையையும் அதைவிட அதிகமாக வைத்துக்கொள். பருப்போ மீனோ முட்டையோ ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும், குழம்பு வைத்த மீனாக இருக்கட்டும், பொரித்தது வேண்டாம். சப்பாத்தி பிடித்தால் சப்பாத்தியே சாப்பிடு, இரண்டையும் ஒரே வேளையில் சேர்க்காதே. ஆலை கேண்டீனில் டீயோடு வைக்கும் வடையை நண்பருக்குக் கொடுத்துவிடு, டீயில் சர்க்கரை வேண்டாம். ஆனால் கை நடுங்கி வியர்த்தால் அந்தக் கணமே சர்க்கரையைத் தின்றுவிடு, அப்போது கௌரவம் பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் உன் நண்பர்கள் பிரியாணிக்கு அழைத்தால் போய் ஒரு தட்டு சாப்பிட்டு எழுந்துவிடு, அதற்காக மறுநாள் பட்டினி கிடக்காதே. ஆலைக்குச் சைக்கிளில் போவதை விட்டு நடந்து போ. மாதம் ஒரு கிலோ இறங்கினாலே நிறைவு. எல்லாவற்றுக்கும் முன்பு அருள்செல்வியையும் கூட்டிக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போய், நீ உண்மையில் என்ன சாப்பிடுகிறாய் என்பதை ஒளிக்காமல் சொல்லி, மாத்திரையின் அளவைக் கேள். தெரிந்த ஒன்றை உனக்குச் சொல்லாமல் விட்டு, இன்னொருவரையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் திராணி இல்லை.

அப்பாவைப் பார்க்க ஓடி வராதே. உடம்பு தேறி, கை நடுக்கம் நின்ற பிறகு வா. உன் பெயரைச் சொன்னால் இன்னும் அவர் முகம் மலர்கிறது, அது போகவில்லை. அருள்செல்விக்கு என் ஆசியும் நன்றியும். அவளைக் கடிந்துகொள்ளாதே, அவள் எழுதியிராவிட்டால் எனக்கு எதுவும் தெரிந்திராது. அன்னை மரியாள் உங்கள் இருவரையும் தன் காவலில் வைத்திருப்பாளாக. மருத்துவர் என்ன சொன்னார் என்பதைக் கேட்டு, உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அன்புத் தாய்
விண்ணரசி