கம்பத்தின் உச்சியில் நீ போட்ட பூட்டு

கடவுச்சொல் தவறு என்று இன்று காலை மடிக்கணினி மறுபடி மறுபடி சொன்னது. கோட்டைப்பட்டினம் மீன் இறங்குதளத்தில், கருவாட்டு வாடைக்கு நடுவே, அந்த இரும்புக் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உச்சியில், வெட்டவெளியில் வைஃபை தரும் வெள்ளைப் பெட்டி. அதற்குள் போகும் சொல் உனக்கு மட்டும்தான் தெரியும். நீ வைத்திருக்கவே மாட்டாய் என்று தெரிந்தும் உன் உம்மாவின் பெயரைக்கூட அடித்துப் பார்த்தேன்.

நாம் மாட்டிய எல்லாப் பெட்டிகளுக்கும் கம்பெனி ஒரே சொல்லைத்தான் கொடுத்திருந்தது. "ஊரு பூராவுக்கும் ஒரே சாவி. இதுக்குப் பூட்டாமலே போயிரலாம் மாப்ள" என்று திட்டுவாய். அப்படியே ஆனது. யாரோ உளறியதை வைஃபைக்கான சொல் என்று நினைத்து, டீக்கடைக்காரர் பலகையில் வடை விலைக்குக் கீழே எழுதி வைத்துவிட்டார்.

"அண்ணே, பெட்டியோட உசுரையே எழுதி வச்சிருக்கீங்களே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"டீ குடிக்க வர்ற புள்ளைக கேட்டுச்சுக தம்பி, அதான்" என்றார் அவர்.

அதற்குள் எவனோ உள்ளே புகுந்து அமைப்புகளை மாற்றி, நம்மையே வெளியே தள்ளியிருந்தான். ஏறிப் பெட்டியின் பொத்தானை அழுத்தினால்தான் பழைய நிலைக்கு வரும். சூப்பர்வைசரிடம் இடுப்பு பெல்ட் கேட்டாய். "அஞ்சு நிமிச வேலைப்பா, ஏறி எறங்கு" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், நானும் கேட்டேன்.

மேலேயே கைப்பேசியில் எல்லாவற்றையும் புதிதாக அமைத்தாய். நிர்வாகத்துக்குப் புதுச் சொல். ஊர்க்காரர்களுக்குத் தனி இணைப்பு. அதில் ஒருவர் போனுக்குள் இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாதபடி தடுப்பு. "முடிஞ்சிருச்சு மாப்ள, இனி எவனும் உள்ள வர முடியாது!" என்று கத்தினாய். இறங்கும்போது, உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்த மிதிகம்பி முறிந்தது.

சொல்லாமல் ஏறிவிட்டான் என்றது கம்பெனி. உன்னை அடக்கம் செய்த அன்று உன் உம்மாவிடமும் அதையே சொன்னார்கள். ஸ்பீக்கரில் என் காதில் விழுந்ததை என்னிடம் விசாரிக்க ஒருவனும் வரவில்லை.

பெட்டி நீ வைத்தபடியே ஓடுகிறது. மீன் விற்கும் பெண்கள் இங்கே நின்றுதான் சவுதியில் இருக்கும் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசுகிறார்கள். இப்போது கம்பெனிக்கு அந்தச் சொல்லை மாற்ற வேண்டுமாம். நீ வைத்தது தெரிந்தால் கீழிருந்தே மாற்றிவிடலாம், தெரியாவிட்டால் ஏறத்தான் வேண்டும். பெல்ட் இன்னும் வரவில்லை, உத்தரவு வந்துவிட்டது.

"ஏறி ரீசெட் பண்ணுப்பா. அஞ்சு நிமிசம்." அதே சூப்பர்வைசர், அதே குரல்.

"பெல்ட் இல்லாம ஏற மாட்டேன் சார்."

"அப்ப வீட்டுக்குப் போ. வேற ஆள் வர்றான்."

நான் போகவில்லை. மதியம் அந்த ஆள் பைக்கில் வந்தார். அன்னவாசல் பக்கம், அண்மையில்தான் கல்யாணமாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தைப் பிடித்தவரிடம் உன் பெயரைச் சொன்னேன். கம்பெனிக்கு நீ வெறும் 'அந்தப் பையன்'. அவர்கள் இவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. முறிந்த மிதிகம்பியைக் காட்டினேன்.

"இங்கிட்டா விழுந்தாரு?"

"நீங்க நிக்கிற எடத்துலதான்."

அவர் காலை நகர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். "ஒங்களுக்கு என்ன வேணும் அவரு?"

கூட வேலை பார்த்தவன் என்றேன். வேறு சொல் வாயில் வரவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஏறாமலே போனார்.

நாளை இன்னொருவரை அனுப்புவார்கள். என்னை மாப்ள என்று கூப்பிட இந்தத் தளத்தில் யாரும் இல்லை. வேலையும் இல்லை. உன் பெயர் இருக்கிறது. காலையிலேயே வந்து இங்கே உட்கார்ந்துகொள்வேன். வருகிறவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.