கடைசிப் பந்து உள்ளே விழுந்தது குறித்து

அனுப்புநர்:
மா. புவனா,
முதுகலை இதழியல், இரண்டாம் ஆண்டு,
விளையாட்டு இதழியல் பிரிவு,
நாகலூர், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
முல்லைநகர்ப் பல்கலைக்கழகம்,
முல்லைநகர்.

பொருள்: எனது வாலிபால் ஆட்டச் செய்தியைக் ‘கற்பனை’ எனக் குறித்துத் தேர்ச்சி மறுக்கப்பட்டது – குறிப்பை நீக்கி மறுமதிப்பீடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விளையாட்டு இதழியல் மாணவர்கள் இறுதிப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு நேரில் சென்று செய்தி எழுதித் தரவேண்டும். காணும் பொங்கலன்று எங்கள் ஊர்த் திடலில் நாகலூர், மாரமங்கலம் பெண்கள் அணிகள் மோதிய வாலிபால் இறுதி ஆட்டத்தைப் பற்றி நான் எழுதினேன். தேர்வாளர் அதன் தலைப்பில், “கற்பனை வளம் நன்று. ஆனால் இது செய்தி அல்ல” என்று எழுதி, தேர்ச்சி மறுத்துவிட்டார்.

2. அவர் சந்தேகப்பட்டதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். நான் இணைத்த படங்களில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டாம் செட்டின் நடுவில் மூடுபனி இறங்கிவிட்டது. வலைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. அப்படியிருக்க யார் தூக்கிக் கொடுத்தார், யார் அடித்தார் என்று பெயர் பெயராக எப்படி எழுத முடிந்தது என்பது அவர் கேள்வி. மலைக்குக் கீழே இருப்பவர் யாரானாலும் கேட்கக்கூடிய கேள்விதான்.

3. இங்கே பனிக்காக ஆட்டத்தை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மாரமங்கலத்துக்காரர்கள் கடைசி பஸ்ஸை விடவேண்டியதுதான். ஆகவே பனி இறங்கியதும் அம்பயர் நீளமாக ஒரு விசில் கொடுப்பார். அதிலிருந்து ஆட்டத்துக்கு வேறு முறை. பந்தைத் தொடுகிறவர் தம் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். பந்து தரையில் விழுந்தால், விழுந்த பக்கத்தில் அதற்கு அருகே நிற்பவர் உள்ளேயா வெளியேயா என்று சொல்லவேண்டும். அந்தச் சொல்லுக்குத்தான் விசில். அன்று அம்பயராக இருந்தவர் ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் திரு. ஐயாக்கண்ணு. அவர் மறுகேள்வி கேட்பதில்லை. பொய் சொல்லி ஜெயித்துவிடலாமே என்று தங்களுக்குத் தோன்றலாம். ஜெயிக்கலாம்தான். ஆனால் அடுத்த பொங்கலுக்கு எதிரே நின்று ஆட எந்த அணியும் வராது.

4. தேர்வாளர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருப்பது கடைசிப் புள்ளியை. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் மாரமங்கலத்துக்குக் கோப்பை என்ற நிலையில், அவர்கள் அடித்த பந்து எங்கள் பின்கோட்டருகே விழுந்தது. சத்தம் கேட்டதே தவிர, விழுந்த இடம் தள்ளி நின்ற யாருக்கும் தெரியவில்லை. அருகே நின்றவர் எங்கள் அணியின் திருமதி கலா, எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்கும் வேலை பார்ப்பவர். நாகலூர் பெண்கள் அதுவரை அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை. வெளியே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆட்டம் சமனாகித் தொடர்ந்திருக்கும். அவர், “உள்ளதானுங்க உழுந்துச்சு” என்றார். விசில் ஒலித்தது. நாங்கள் தோற்றோம். அணியில் பாதிப் பேர் சில நாட்கள் வேலையிடத்தில் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

5. இந்தப் பத்திக்கு எதிரே, “எந்த ஆட்டக்காரரும் இப்படிச் செய்ய மாட்டார்” என்று தேர்வாளர் எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். விடுதியில் டிவி பார்த்துவிட்டு, மைதானத்தில் வெயிலில் நின்றதுபோல் எழுதிய நண்பர்கள் தேறிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. டிவி ஆட்டத்தில் பந்து கோட்டில் பட்டதா என்பதைக் கேமரா சொல்லிவிடுகிறது. ஆடுகிறவர் வாயைத் திறக்கவேண்டியதில்லை. அதையே பார்த்துப் பழகிய ஒருவருக்குக் கலா கதையில் வருகிறவராகத் தோன்றியிருக்கலாம். இதைப் பல நாள் யோசித்த பிறகே இம்மனுவை எழுதுகிறேன்.

6. துறையில் பரிவோடு ஒரு வழி சொன்னார்கள். வேறோர் ஆட்டத்தைப் பற்றி எழுதித் தந்தால் இம்மாதமே தேர்ச்சி கிடைக்கும். சான்றிதழ் கையில் இருந்தால், ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பயிற்சி நிருபர் வேலை உண்டு. இல்லையென்றால் அது வேறொருவருக்குப் போய்விடும். அந்த வேலை எனக்கு வேண்டும், ஐயா. ஆனால் வேறொன்றை எழுதித் தந்தால், முதலில் எழுதியது பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். அத்துடன் கலா சொன்னதும் பொய்யாகும்.

7. சாட்சிக் கடிதம் இருந்தால் பரிசீலிப்பதாகத் தங்கள் அலுவலகத்தில் தெரிவித்தார்கள். எனவே கலா அவர்களிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “எழுதித் தர்றேன் கண்ணு, அதுக்கென்ன. ஆனா அன்னிக்கு நான் சொன்ன வாய்ச்சொல்ல நம்பித்தான் ஐயாக்கண்ணு அண்ணன் ஊதுனாரு. தோக்கறதுக்குப் போதுமா இருந்துச்சு. இப்ப மட்டும் எதுக்குக் கையெழுத்து?” அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நீட்டிய பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

8. ஆகவே ‘கற்பனை’ என்ற குறிப்பை நீக்கி, என் தாளை மறுபடி மதிப்பிட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நடை சரியில்லை என்றால் மதிப்பெண்ணைக் குறைக்கட்டும். நடந்ததை நடக்கவில்லை என்று மட்டும் எழுதவேண்டாம். சந்தேகம் தீராவிட்டால், தேர்வாளர் அவர்கள் பனி இறங்கும் ஒருநாள் எங்கள் திடலுக்கு வந்து, கோட்டோரம் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கலாம். பந்து அவர் பக்கம் வந்து விழுந்தால், உள்ளேயா வெளியேயா என்று அவரையும் கேட்போம். அவர் சொல்வதற்கும் விசில் ஊதப்படும்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(மா. புவனா)

இடம்: நாகலூர்
நாள்: 09.06.2025

இணைப்பு: ஆட்டச் செய்தியின் நகல். சாட்சிக் கடிதம் இணைக்கப்படவில்லை.