ரம்பத்துக்கு மூடி செய்தது யார்

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
மார்ச் 1936

பினாங்கில் டீச்சர் வேலை பார்க்கும் அன்பு மகள் கெர்ட்ரூட்டுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சேமம், அங்கே உன் உடம்பும் மனசும் சேமமாயிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு இருமல் நன்றாகக் குறைந்துவிட்டது. கிறிஸ்மஸ் லீவில் வந்தபோது நம் பட்டறையில் என்ஜினில் சுற்றும் வட்ட ரம்பத்துக்குக் கெரசின் டின்னை வெட்டி மூடி போட்டு, மேசைக்கு அடியில் பெட்டி அடைத்து, விசிறி வைத்து, தூளெல்லாம் மாவுச்சாக்குப் பைக்குள் போய் விழும்படி செய்துவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு வீட்டுக்குள் தூளே வருவதில்லை. அந்த மூடியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதவே கை கூசுகிறது, இருந்தாலும் வேறு யார் வாயாலாவது நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானில் கித்தா ரப்பர் ஏற்றுமதிக்குப் பலகைப் பெட்டி அடித்துக் கொடுக்கும் கபிரியேல், தன் மகன் மாரிசுக்கு உன்னைக் கேட்டு, மனைவி செசிலியாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு போன மாசம் நம் வீட்டுக்கு வந்தார் என்று எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பட்டறையைப் பார்க்க வந்தவர் மூடியைக் கண்டதும் அசந்துபோனார். அவர் பட்டறையில் ஒரு ஆளுக்கு ரம்பத்தில் விரல் போய்விட்டதாம். என்னை ஒரு பலகையைத் தள்ளச் சொல்லி, மூடி தானாக ஏறித் தானாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். படித்த பெண்கள் அடுப்படிப் பக்கமே போகமாட்டார்கள் என்று செசிலியா அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தார், ரம்பத்தடியில் நின்ற பெண் என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துபோகுமோ என்று பயம். பயம் மட்டும்தான் என்றால் அதுவும் பொய். கபிரியேல் என் முதுகில் தட்டிக்கொடுத்தது எனக்கு இனித்தது மகளே. காப்பித் தட்டோடு வாசலில் நின்ற அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்குச் சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தாள்.

அதோடு போச்சா. தன் பட்டறைக்கும் ஒன்று செய்துதரச் சொல்லி கபிரியேல் ஆளனுப்பிவிட்டார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, சனிக்கிழமை கிள்ளானுக்கு ரயிலேறிப் போனேன். நீ செய்த மாதிரியே தகரம் வெட்டி, கீல் வைத்து, மேலே கட்டையில் தொங்கவிட்டேன். மூடியின் பின்புறம் நீ ஒரு இரும்புத் துண்டு கட்டியிருந்தாய் அல்லவா, அது சும்மா கிடக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். தினமும் அதன் கீழே கையை வைத்து வேலை செய்கிறவன், மூடியின் கனத்தைத் தாங்குவதே அந்த இரும்புதான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என்ஜினை ஓட்டிப் பலகையைத் தள்ளினதும் மூடி ஏறாமல் சரிந்து ரம்பப் பல்லில் மாட்டி, தகரம் கிழிந்து பறந்து, பக்கத்தில் நின்ற மாரிசின் காதோரம் கீறிவிட்டது. பெரிய காயமில்லை. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், இது என் வேலை இல்லை, என் மகள் செய்தது, நான் பொய் சொன்னேன் என்று. கபிரியேல் போய் என்ஜினை நிறுத்தினார். பொம்பளப் பிள்ளைக்கு ரம்பத்துக்கிட்ட என்ன வேலை, பொய் சொல்ற வீட்ல எப்படிப் பொண்ணெடுக்கிறது என்று செசிலியா கேட்டார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மாரிஸ் காதில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டே ஸ்டேஷன் வரை கூட நடந்து வந்தான். எங்க அம்மாவை நான் சமாளிச்சுக்கிறேன் லா, ஆனா உங்க மக இங்க வாழ வந்து, எல்லாருக்கும் தெரிய எங்க பட்டறையில நின்னு இந்த வேலையச் செய்ய இஷ்டப்படுவாங்களா, கேட்டுச் சொல்லுங்க என்றான். இஷ்டம்தான் தம்பி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இப்போது பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், கேட்காவிட்டாலும், மூடி என் மகள் செய்தது என்று சொல்கிறேன். போதும் போதும் என்கிறாள் அம்மா. நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. தேவமாதா உனக்குத் துணையிருக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மாரிசின் விலாசம் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. சரியென்றாலும் வேண்டாமென்றாலும் நீயே அவனுக்கு எழுது, மறந்துவிடாதே. உன் வேலைக்கு என் பேரைச் சொன்னவன் நான், உன் சம்மதத்தையும் நானே சொல்லிவிடக் கூடாது.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்க வெட்கப்படும் அப்பா
கிரிகரி