டம்ளரில் பத்துப் புளியங்கொட்டை

பால் வாங்கப் போன கணவன் இன்னும் திரும்பவில்லை. நேற்றைய சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஆறு வயது மகளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றான் அவன். கூடவே கூடாது என்றாள் மீனலோசினி.

அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவள் அண்ணனின் கார் வாசலில் நின்றது. தூங்கும் மகளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு ஞானபூரணம் அக்கா உட்கார்ந்திருந்தாள். மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மீனலோசினி கணவனுக்கு எழுதினாள்:

“மாவு பிரிட்ஜில இருக்கு. பீரோ சாவி அரிசி டின்னுக்குள்ள. பாப்பாவுக்குப் பாடம்னு தனியா நடத்தாதீங்க. உழக்கால அரிசி அளக்கட்டும், தோசையை நாலாப் பிய்க்கட்டும், அதான் கணக்கு.

டம்ளர்ல பத்துப் புளியங்கொட்டை இருக்கு. தினம் ஒண்ணு எடுத்து வெளிய போடுவா. தீந்ததும் அம்மா வந்துருவேன்னு சொல்லியிருக்கேன். ஆப்பரேசனுக்குப் பிறகு எப்படி இருக்கும்னு டாக்டரே சொல்லல. அவ குளிக்கப் போகும்போது தினம் ஒண்ணு உள்ள போட்டுருங்க.”

மடித்து வைத்தவளுக்குப் போன வாரம் நினைவு வந்தது. பெருக்கும்போது, மகள் எண்ணிப் பழகும் கொட்டைகளில் ஒன்று பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது. அவள் குனிவதற்குள், “எம்மா, ஒண்ணு குறையுதே” என்று மகள் வந்து நின்றாள்.

கார் ஹாரன் அடித்தது. தாளைப் பிரித்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

“கொட்டை போடாதீங்க. எண்ணிருவா. நான் சொல்லிக் குடுத்தது அப்படி. கடைசிக் கொட்டைக்கு முன்னாடி அவள மடியில வச்சு நீங்களே உண்மையச் சொல்லிருங்க. என்னால முடியல.”